ஹோலில் இருக்கும் ரீவிக்கு மென்பொருள் எழுதுவது

ஸ்மார்ட் ரீவிக்குச் செயலி எழுதுகிற பலர் போனுக்கு எழுதியதையே பெரிதாக்கித் திரையில் வைத்துவிடுகிறார்கள். போன் ஒரு ஆளின் கையில் இருப்பது. அதற்கு ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல், ஒரு விரல் போதும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் ரீவி இருப்பது ஹோலில். பின்னேரம் ஆறரை மணிக்கு அதற்கு முன்னால் அம்மம்மா கதிரையில் இருப்பா. பிள்ளை பாயில் படுத்துக் கிடக்கும். வேலையால் வந்த அப்பா செய்தி கேட்பார். மேட்ச் நாளென்றால் பக்கத்து வளவுப் பொடியன்களும் வாசலில் நிற்பார்கள். கணக்கு அப்பாவின் பெயரில், ரிமோட் பிள்ளையின் கையில், பார்த்துக்கொண்டிருப்பது அம்மம்மா. இவர்களில் பயனர் யார்?

அந்த ஹோல் முழுவதும்தான் பயனர். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு வடிவமைத்தால் பின்னால் வரும் பல முடிவுகள் தானாகவே சரியாகும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு ரீவிச் செயலி செய்ய யோசித்தால் கீழே இருப்பவை உதவும்.

திரை, தூரம், தமிழ் எழுத்து

ரீவியைப் பார்ப்பது ஏறக்குறைய 3 மீற்றர் தூரத்திலிருந்து. அண்ட்ரொயிட் ரீவியில் 1920×1080 பிக்சல் திரையை 960×540 அலகாகக் கணக்கிடுவார்கள். ஓரங்களில் 5 சதவீதம் விட வேண்டும்: இடம் வலம் 48 அலகு, மேல் கீழ் 27 அலகு. பழைய ரீவிகளும் மலிவான ரீவிகளும் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். அந்த ஓரத்தில் பொத்தானை வைத்தால் சில வீடுகளில் அது தெரியவே தெரியாது.

ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் எழுத்தளவு தமிழுக்குப் போதாது. 18 அலகில் ஆங்கிலம் வாசிக்கலாம். அதே அளவில் ணி, ஞ, ழு போன்ற சுழிகள் 3 மீற்றரில் ஒட்டிப்போய்விடும். பட்டியல் எழுத்துக்கு 20, தலைப்புக்கு 24 என்று தொடங்குங்கள். வரி உயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் மேல் வரியின் உகரக் காலும் கீழ் வரியின் புள்ளியும் முட்டும். பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்தால் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும். வெட்டுகிற நிரல் யூனிகோட் குறியீடுகளை (ஒரு தமிழ் எழுத்துக்கு இவை ஒன்றுக்கு மேலும் இருக்கும்) எண்ணி வெட்டினால், எழுத்துக்கு நடுவே வெட்டிவிடும், மீதி அடுத்த வரியில் புள்ளிவட்டமும் தனிக் கொம்புமாக நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். எழுத்து எழுத்தாகத்தான் வெட்ட வேண்டும். எழுத்துருவையும் செயலியோடு சேர்த்தே கொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். ரீவியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்பினால் சில பெட்டிகளில் வெறும் சதுரங்கள்தான் வரும்.

அம்புக்குறியும் ஓகேயும் மட்டும்

ரிமோட்டில் நிச்சயமாக இருப்பவை நாலு அம்புகள், ஓகே, பின்செல், ஹோம். அதற்கு மேல் எதையும் நம்பக்கூடாது. மைக் பொத்தானோ நிறப் பொத்தான்களோ இல்லாத ரிமோட்டுகள் ஏராளம். முதல் ரிமோட் உடைந்த பிறகு கல்முனையிலோ மட்டக்களப்பு நகரத்திலோ கடையில் வாங்கும் மாற்று ரிமோட் பெரும்பாலும் வெறும் அகச்சிவப்பு ரிமோட். புளூடூத்தும் கிடையாது, மைக்கும் கிடையாது. குரலால் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்று செயலியில் இருந்தால், அந்த வீட்டுக்கு அந்த வேலையே இல்லை.

பின்செல் பொத்தானை அழுத்தும்போது செயலிக்கு வரும் எண் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். சாம்சுங்கின் டைசனில் 10009, எல்ஜியின் வெப்ஓஎஸ்ஸில் 461, அண்ட்ரொயிட்டில் 4. இணையச் செயலியாக எழுதி ஒரு தளத்தில் மட்டும் சோதித்தால், மற்றத் தளத்தில் பின்செல் அழுத்தும்போது எதுவும் நடக்காது. அல்லது செயலியே மூடிப்போகும்.

எந்த நேரத்திலும் திரையில் ஒரு பொருள் தெரிவாகி இருக்க வேண்டும், அது எது என்று வாசலில் நிற்கிறவருக்கும் தெரிய வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றுவது போதாது. பெட்டியைப் பத்து சதவீதம் பெரிதாக்கி, தடித்த வெள்ளை விளிம்பும் போடுங்கள். ரிமோட் கையில் இல்லாதவர்களும் திரையைப் பார்த்து “இன்னும் ரெண்டு வலப்பக்கம் போ” என்று சொல்வார்கள். ஹோலில் ரீவி இப்படித்தான் இயங்கும். விளிம்பு மங்கலாக இருந்தால் அந்த உதவி கிடைக்காது.

இதில் அதிகம் நடக்கும் பிழை, தெரிவு துள்ளுவது. மூன்றாவது வரிசையில் ஒரு படத்தின் மேல் நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் இணையத்திலிருந்து இரண்டாவது வரிசை வந்து சேர்கிறது. எல்லாம் கீழே தள்ளுப்பட, ஓகே அழுத்தும்போது வேறொரு படம் ஓடத் தொடங்கும். இணைப்பு மெதுவான வீட்டில் இது நாளாந்தம் நடக்கும். வரிசைகளுக்கு வெற்று இடத்தை முதலே ஒதுக்குங்கள். தெரிவுக்கு மேலே உள்ள எதையும் பின்னர் செருகாதீர்கள். ஒரு பக்கத்துக்குள் போய்த் திரும்பி வரும்போது முன்பு நின்ற அதே பெட்டியில் தெரிவு நிற்க வேண்டும். முதல் பெட்டிக்குப் போய்விட்டால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும், அம்மம்மா ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவா.

தமிழில் தேடுவது

ரீவித் தமிழ் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை போனில் உள்ளதை அப்படியே பரப்பி வைத்தவை. மட்டக்களப்பு என்று அடிக்க யூனிகோட்டில் 12 குறியீடுகள் வேண்டும். ஒரு குறியீட்டுக்கு நாலு அம்பும் ஒரு ஓகேயும் என்று வைத்தாலே 60 அழுத்தம். யாரும் அடிக்க மாட்டார்கள்.

முதல் வழி அரிச்சுவடி வரிசை. மெய்யெழுத்துகளை மட்டும் ஒரு கட்டத்தில் வைத்து, க-வைத் தெரிவு செய்ததும் க், க, கா, கி, கீ என்று அதன் வரிசை கீழே விரியட்டும். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இந்த ஒழுங்கு மனப்பாடம். எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதில்லை.

இதைவிட நல்ல வழி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கேட்காமலே விடுவது. தேடற் சுட்டியை (தேடும்போது கணினி பார்க்கும் பட்டியலை) உருவாக்கும்போது ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கழற்றுங்கள், இரட்டித்த மெய்களை ஒன்றாக்குங்கள். மட்டக்களப்பு, ‘மடகளப’ ஆகிவிடும். கல்முனை ‘கலமன’. பயனர் ம, ட, க என்று மூன்று எழுத்தைத் தெரிவு செய்வதற்குள் சரியான பெயர் பரிந்துரையில் வந்துவிடும். சொல்லின் முதலில் வரும் உயிரெழுத்தைக் கழற்ற வேண்டாம். குறிலையும் நெடிலையும் ஒன்றாக எடுத்தால் போதும்: ஏறாவூரை எ-விலும் தேடலாம், ஏ-யிலும் தேடலாம். ண-ன-ந, ல-ள-ழ, ர-ற ஆகியவற்றை ஒன்றாகக் கருதினால் எழுத்துப்பிழைகளும் தடையாகாது.

இந்த முறையில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. நாம் டொக்டர், கொலிஜ் என்று எழுதுவோம். தமிழகத்துப் பட்டியல்களில் அவை டாக்டர், காலேஜ். உயிர்க்குறியைக் கழற்றிவிட்டால் இரண்டும் ஒன்றே. ரீச்சர், டீச்சர் போன்றவற்றுக்கு மட்டும் சொல் முதலில் வரும் ர-வையும் ட-வையும் சமப்படுத்தும் ஒரு விதி தேவை. இலங்கைத் தமிழ் வீட்டில் தமிழகத்து நிகழ்ச்சியைத் தேடும்போது வரும் வெறுங்கை முடிவுகளில் ஒரு நல்ல பங்கு இதனால் தீரும்.

சுட்டியாக்குவதற்கு முன் உரையை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமான குறியீடுகளால் எழுதும் முறை) கொண்டுவர மறக்க வேண்டாம். கொ என்ற எழுத்து சில கோப்புகளில் இரண்டு குறியீடாகவும் சிலவற்றில் மூன்று குறியீடாகவும் இருக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். ஔவையார் என்பதை ஒ-வும் ள-வும் சேர்த்து அடித்திருப்பார்கள். அது என்எஃப்சியால் திருந்தாது, தனி விதி எழுத வேண்டும்.

குரல் தேடல் இருந்தால் நல்லது. கூகுளின் பேச்சறி சேவையில் இலங்கைத் தமிழ் தனித் தெரிவாகவே உண்டு, இந்தியத் தமிழை இயல்பு நிலையாக விட்டுவிடாதீர்கள். ஆனாலும் ஹோலில் நாலு பேர் கதைத்துக்கொண்டிருக்கும்போது எந்தக் குரலை எடுப்பது என்ற சிக்கல் எந்த மொழியிலும் உண்டு. கேட்ட சொல்லைத் திரையில் காட்டி, திருத்த ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

யார் பார்க்கிறார்கள்

செயலியைத் திறந்தவுடன் “யார் பார்க்கிறீர்கள்?” என்று கேட்கும் திரை ஹோலுக்குப் பொருந்தாது. ஆறு பேர் இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. எல்லாரும் முதல் படத்தில் ஓகே அழுத்துவார்கள். முடிவில் அப்பாவின் கணக்கில் கார்ட்டூனும் சீரியலும் கிரிக்கெட்டும் ஒன்றாகக் கலந்து, பரிந்துரை யாருக்கும் உதவாமல் போகும். இயல்பு நிலையில் ‘வீட்டார் எல்லாரும்’ என்ற பொதுச் சுயவிவரத்தில் திறக்கட்டும். தனிப்பட்ட வேலை ஒன்று வரும்போது மட்டும் ஆளைக் கேளுங்கள். பொதுச் சுயவிவரத்தில் பரிந்துரையை நேரத்தோடு கட்டிவிடலாம். பின்னேரம் நாலு மணிக்கு எது ஓடும், இரவு எட்டரைக்கு எது ஓடும் என்பது பெரும்பாலான வீடுகளில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவது.

பார்த்தவற்றின் வரலாறு ஹோலில் எல்லாருக்கும் தெரியும் பலகை. நடுராத்திரி ஒருவர் தனியே பார்த்தது அடுத்த நாள் காலை ‘தொடர்ந்து பார்க்க’ வரிசையில் முதலில் நிற்கக்கூடாது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ‘வரலாற்றிலிருந்து எடு’ என்ற பொத்தான் ஒரே அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டும். அமைப்புகளுக்குள் ஐந்து படி இறங்கச் சொல்வது நியாயமில்லை.

தெரிவு நின்றவுடன் சத்தத்தோடு முன்னோட்டம் ஓடுவதை இயல்பு நிலையில் நிறுத்தி வையுங்கள். பிள்ளையும் மூத்தம்மாவும் இருக்கிற இடத்தில் யாரும் கேட்காத ஒரு காட்சி தானாக ஓடினால், அந்தச் செயலியை அதற்குப் பிறகு யாரும் ஹோலில் திறக்கமாட்டார்கள். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பாங்கு சொல்லும்போது ரீவியை நிறுத்துவார்கள். ஓகேயை ஒருமுறை அழுத்தினால் படம் நிற்க வேண்டும், மேலே ஒரு பட்டியலைத் திறந்து “என்ன செய்ய?” என்று கேட்கக்கூடாது. நிறுத்திய பிறகு பத்து நிமிடம் ஆனாலும் படம் தானாகத் தொடங்கவும் கூடாது, விளம்பரப் படம் திரையை நிரப்பவும் கூடாது.

இனி PIN, அதாவது பிள்ளைகள் பார்க்கக்கூடாததைப் பூட்டி வைக்கும் இரகசிய இலக்கம். ஒன்று முதல் ஒன்பது வரை கட்டம் போட்டு, அம்பால் நகர்ந்து நாலு இலக்கம் தெரிவு செய்யச் சொல்லும் திரைகள் நிறைய. இலக்கம் விழும் இடத்தில் நட்சத்திரம் காட்டுவார்கள். ஆனால் தெரிவு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை ஹோலில் இருக்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்ய ஒருமுறை போதும். மூன்று மாற்று வழிகள் உண்டு. ரிமோட்டில் இலக்கப் பொத்தான் இருந்தால் நேரே அழுத்த விடலாம். திரையில் தெரிவையே காட்டாமல் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு இலக்கத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அந்த இலக்கங்களை மாற்றலாம். ஆனால் திரையையும் பெருவிரலையும் சேர்த்துக் கவனிக்கிற பிள்ளைக்கு அதுவும் பிடிபடும். மிக நல்லது, அனுமதியை உம்மாவின் அல்லது வாப்பாவின் போனுக்கு அனுப்பி அங்கே ஒரு பொத்தானை அழுத்த வைப்பது.

போனைச் சேர்ப்பது

ரீவியில் எழுத்து அடிப்பதைக் குறைக்கவும் எல்லாரும் சேர்ந்து விளையாடவும் போன்தான் வழி. தனிச் செயலி நிறுவச் சொல்லாதீர்கள். உலாவியில் திறக்கும் பக்கம் போதும். வந்த விருந்தாளியிடம் செயலி இறக்கச் சொன்னால் டேட்டாவும் போகும், ஆர்வமும் போகும்.

கணக்கை ரீவியில் இணைப்பதற்கு ஆர்எஃப்சி 8628 என்ற நியமம் 2019 முதல் இருக்கிறது. ரீவி ஒரு குறுங்குறியைக் காட்டும், பயனர் அதைப் போனில் அடிப்பார், ரீவி ஐந்து வினாடிக்கு ஒருமுறை சேவையகத்திடம் “முடிந்ததா?” என்று கேட்கும். சேவையகம் மெதுவாகக் கேட்கச் சொன்னால் இடைவெளியை இன்னும் ஐந்து வினாடி கூட்ட வேண்டும். அந்த நியமம் ஆங்கில மெய்யெழுத்துகளால் ஆன எட்டு எழுத்துக் குறியையும் சொல்கிறது, ஒன்பது இலக்க எண்ணையும் சொல்கிறது. நமது வீடுகளுக்கு இலக்கம்தான் சரி. மூன்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால் ஒருவர் வாசிக்க மற்றவர் அடிக்கலாம். ஒன்பது இலக்கத்தில் 100 கோடிச் சேர்க்கைகள் உண்டு. பத்து நிமிடத்தில் காலாவதியாக்கி, தவறான முயற்சிகளுக்கு எல்லை வைத்தால் பாதுகாப்புக்குக் குறைவில்லை.

கியூஆர் குறி வைப்பவர்கள் அதை ஒரு மூலையில் சின்னதாக வைக்கிறார்கள். ஸ்கேன் பண்ணும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 3 மீற்றருக்கு 30 சென்ரிமீற்றர். 32 அங்குல ரீவியின் உயரமே ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர்தான். அதனால் கியூஆருக்கு முழுத் திரையையும் கொடுங்கள். முகவரியைச் சுருக்கி, ஆங்கிலப் பெரிய எழுத்திலும் இலக்கத்திலும் மட்டும் எழுதினால், நடுத்தரப் பிழைதிருத்தத்தோடு 38 எழுத்துவரை இரண்டாம் பதிப்புக் குறிக்குள் (கியூஆரின் இரண்டாவது சிறிய அளவு) அடங்கும். அது பக்கத்துக்கு 25 கட்டம், சுற்றிவர வெறுமையாக விடவேண்டிய நாலு நாலு கட்டத்தோடு 33. கட்டத்துக்கு 24 பிக்சல் கொடுத்தால் 792 பிக்சல், 32 அங்குலத் திரையில் கிட்டத்தட்ட 29 சென்ரிமீற்றர். கதிரையை விட்டு எழும்பாமலே ஸ்கேன் ஆகும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களாக மாற்றிப் போடாதீர்கள், சில போன்கள் அதை வாசிக்காது.

போனையும் ரீவியையும் வீட்டு வைஃபைக்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுபிடிக்க வைப்பது அழகான யோசனை. எம்டிஎன்எஸ், எஸ்எஸ்டிபி என்று இதற்கு இரண்டு முறைகள்: முதலாவது 224.0.0.251 முகவரிக்கு 5353 போர்ட்டில் கூப்பிடும், இரண்டாவது 239.255.255.250 முகவரிக்கு 1900 போர்ட்டில் கூப்பிடும். நடைமுறையில் இது மூன்று இடங்களில் உடையும். போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் இருக்கும். ரவுட்டரில் சாதனங்களைப் பிரித்து வைக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அல்லது ரீவி ஒரு வைஃபை பெயரிலும் போன் விருந்தினர் வைஃபை பெயரிலும் இருக்கும். மூன்றிலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான், ரீவி பட்டியலில் வரவில்லை என்பது. அதனால் சேவையகத்தின் வழியாக, ரீவித் திரையில் தெரியும் ஒரு எண்ணைப் போனில் அடித்து (இதை அறை எண் என்போம்) இணைக்கும் பாதையை முதன்மையாக வையுங்கள். உள்ளூர்க் கண்டுபிடிப்பு கூடுதல் வசதியாக இருக்கட்டும்.

காத்தான்குடி போல வீடுகள் நெருங்கிய இடத்தில் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை அலைவரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். புளூடூத் ரிமோட்டும் அதே அலைவரிசையில்தான். ரிமோட் அழுத்தம் தாமதமாகிறது என்ற முறைப்பாடு வந்தால் செயலியைத் திருத்துவதற்கு முன் ரீவியை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

போன்கள் சேர்ந்த பிறகு யார் சொல் எடுபடும்? யாரும் பாட்டைப் போடலாம் என்று விட்டால், ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை இன்னொருவர் அறியாமல் நிறுத்திவிடுவார். போனிலிருந்து வருவது எப்போதும் வரிசையில் சேரட்டும். உடனே ஓட வேண்டுமென்றால் ரிமோட் வைத்திருப்பவர் ஓகே சொல்லட்டும். யார் சேர்த்தார் என்ற பெயர் திரையில் ஐந்து வினாடி தெரியட்டும். வரிசையையும் வந்த ஒழுங்கில் ஓடவிடாமல் ஆளுக்கொன்றாகச் சுற்றி ஓட்டுங்கள். இல்லையென்றால் முதலில் வந்த ஒருவர் இருபது பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அறையில் இருக்கும் ரிமோட்டுக்குத்தான் எப்போதும் கடைசி அதிகாரம்.

ரியூஷன் வகுப்பில் வினாவிடை

ஊடாடும் பயன்பாட்டுக்கு இந்தப் பகுதியில் உடனே பயன் தரக்கூடிய இடம் ரியூஷன் வகுப்பு. சுவரில் ஒரு ரீவி, மாணவர் கையில் போன், ஆசிரியர் கேள்வி போடுகிறார். வெளிநாட்டு வினாவிடைச் செயலிகள் பலவற்றின் திரை நாலு விடைக்கே வடிவமைக்கப்பட்டது. சாதாரண தரத்துக்கு அது சரி. உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல் பல்தேர்வு வினாக்களுக்கு ஐந்து விடைகள். ஐந்தாவது பொத்தானுக்கு இடம் இல்லாத செயலியை அந்த வகுப்பு பயன்படுத்தாது. விடைகளுக்கு நிறம் மட்டும் கொடுக்காமல் வினாத்தாளில் உள்ளதுபோல 1 முதல் 5 வரை இலக்கமும் போடுங்கள். எல்லா மாணவரிடமும் போன் இருக்காது. ஒரு போனில் மூன்று பேர் குழுவாகச் சேரும் வழி தொடக்கத்திலேயே இருக்க வேண்டும், பிறகு ஒட்டவைப்பதாக இருக்கக்கூடாது.

டேட்டா ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு விடைச் செய்தி 200 பைட் என்றாலும் 30 பேர், 20 கேள்விக்கு மொத்தம் 120 கிலோபைட்தான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ரீவி படத்தை மெருகேற்றிக் காட்டும்போது தாமதம் சேரும். சில ரீவிகளில் பத்தில் ஒரு வினாடியும் தாண்டும். திரையில் ‘1’ தெரியும்போது போனில் நேரம் முடிந்திருக்கும். மாணவர் அழுத்தியும் ஏற்கப்படாது, வகுப்பில் சண்டை வரும்.

கணக்கை இப்படிச் செய்யலாம். போன் சேர்ந்தவுடன் சேவையகத்துக்கு ஐந்து முறை சிறு செய்தி அனுப்பி, போய் வரும் நேரத்தை அளக்கட்டும். மிகக் குறைந்த நேரம் எடுத்த முறையை மட்டும் வைத்து, அதில் பாதியைப் பயண நேரமாகக் கொண்டு போனின் கடிகாரத்துக்கும் சேவையகக் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணியுங்கள். கேள்வியை ‘இப்போது காட்டு’ என்று அனுப்பாமல், ‘இன்ன நேரத்துக்குக் காட்டு’ என்று இரண்டு வினாடி முன்னதாக அனுப்புங்கள். விடையோடு அழுத்திய நேரமும் வரட்டும். முடிவு நேரத்துக்குப் பிறகு அரை வினாடி சலுகை கொடுங்கள், ஆனால் திரையில் அதைச் சொல்லவேண்டாம். வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நல்ல சிக்னல் உள்ள போன்காரருக்குத்தான் அது வாய்க்கும்.

போன் திரை அணைந்தால் பல போன்களில் வெப்சொக்கெட் இணைப்பு (போனுக்கும் சேவையகத்துக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) அறுந்துவிடும். பக்கத்தை மீண்டும் திறந்தவுடன் அதே பெயரோடும் அதே புள்ளியோடும் உள்ளே வர, போனில் ஒரு டோக்கனை (ஆளை அடையாளம் காட்டும் இரகசியக் குறி) சேமித்து, சேவையகத்தில் அந்த இடத்தைக் குறைந்தது இரண்டு நிமிடம் வைத்திருங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று 25 வினாடிக்கு ஒருமுறை சரிபார்த்தால் மொபைல் வலையமைப்பு சும்மா கிடக்கும் இணைப்பை வெட்டுவதும் குறையும்.

சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிற வீடுகள்

இயங்குதளங்களின் ஆவணங்கள் ரீவி எப்போதும் காத்திருப்பு நிலையில் இருக்கும் என்று எண்ணி எழுதப்பட்டவை. இங்கே பெரும்பாலானவர்கள் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். மாரி காலத்தில் இடி மின்னல் தொடங்கினால் பிளக்கையும் இழுத்துவிடுவார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்டில் அதைப் பழக்கப்பிழை என்று சொல்ல முடியாது. எனவே செயலி ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து தொடங்கும். மூடும்போது சேமிப்போம் என்று எழுதிய நிரல் ஒருபோதும் ஓடாது. படம் ஓடும்போதே பத்து வினாடிக்கு ஒருமுறை இடத்தைச் சேமியுங்கள். நேரே பழைய கோப்பின் மேல் எழுதாமல் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயரை மாற்றுங்கள். இல்லாவிட்டால் எழுதும் நடுவில் கரண்ட் போய்க் கோப்பே கெட்டுவிடும்.

கரண்ட் வந்ததும் ரீவி எழும்பிவிடும். சிம் போடும் 4ஜி ரவுட்டர் வலையமைப்பில் சேர இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அந்த இடைவெளியில் செயலி “இணையம் இல்லை” என்று பெரிய பெட்டியைக் காட்டி ஓகேக்குக் காத்திருந்தால், ரவுட்டர் வந்த பிறகும் பெட்டி அப்படியே நிற்கும். வீட்டார் ரவுட்டரைத் திரும்ப அணைத்துப் போடுவார்கள், கதை மீண்டும் முதலிலிருந்து. கடைசியாகப் பார்த்த பட்டியலைச் சேமிப்பிலிருந்து காட்டுங்கள். பின்னணியில் 2, 4, 8, 16 வினாடி என்று இடைவெளியைக் கூட்டி, 30 வினாடிக்கு மேல் போகாமல் முயன்றுகொண்டே இருங்கள்.

இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான பிழை ஒன்று உண்டு. மலிவான பெட்டிகளில் கடிகாரத்துக்குத் தனி மின்கலம் இல்லை. பிளக்கை இழுத்தால் திகதி 1970-க்கோ தயாரித்த காலத்துக்கோ போய்விடும். அந்தத் திகதியில் சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று ரீவி எண்ணி, இணைப்பை மறுக்கும். வைஃபை இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, எதுவும் ஓடாது. சான்றிதழ்ப் பிழை வரும்போது திகதியைச் சரிபாருங்கள். செயலி கட்டப்பட்ட திகதிக்கு முன்னால் இருந்தால் “ரீவியின் நேரம் சரியாகும்வரை பொறுங்கள்” என்று தமிழில் சொல்லி, நேரம் திருந்தியதும் தானாகத் தொடருங்கள். சான்றிதழ்ச் சரிபார்ப்பையே நிறுத்திவிடுவது குறுக்குவழி. அதைச் செய்யாதீர்கள், வீட்டாரின் கடவுச்சொல் அந்த வழியால்தான் போகும்.

டேட்டாவையும் மறைக்கக்கூடாது. 5 எம்பிபிஎஸ் ஓடினால் ஒரு மணித்தியாலத்துக்கு 2.25 ஜிபி, 1 எம்பிபிஎஸ் என்றால் 450 எம்பி. தரத்தைத் தெரிவு செய்யும் இடத்தில் பிக்சல் எண்ணிக்கையோடு இந்தக் கணக்கையும் காட்டினால், பெக்கேஜ் வாங்குகிறவர் முடிவெடுப்பார்.

அறுகம்பே விடுதிகள்

பொத்துவில் பக்கம் அலைச்சறுக்குக் காலத்தில் ஒரு அறைக்குள் மாதத்துக்குப் பத்துப் பேர் வந்து போவார்கள். தன் கணக்கை ரீவியில் திறந்தவர் மூடாமல் போய்விடுவார். அடுத்து வருகிறவர் அவருடைய வரலாற்றைப் பார்ப்பார், சில வேளை அவருடைய அட்டையில் படமும் வாங்குவார். விடுதி ரீவிக்கு எழுதும்போது ஒவ்வொரு நுழைவும் விருந்தினர் அமர்வாக இருக்கட்டும், வெளியேறும் நாள் காலை 11 மணிக்குத் தானாக முடியட்டும். ரீவியில் அழித்தால் மட்டும் போதாது, சேவையகத்திலும் டோக்கனை இரத்துச் செய்ய வேண்டும். விடுதி வைஃபையில் சாதனங்களைப் பிரித்து வைப்பது பாதுகாப்புக்கு அவசியம். ஆகவே முன்பு சொன்ன, ரீவித் திரையில் எண்ணைக் காட்டி இணைக்கும் வழிதான் இங்கே ஒரே வழி. மொழித் தெரிவை முதல் திரையில், ஒவ்வொரு மொழியையும் அதன் எழுத்திலேயே வையுங்கள்: தமிழ், සිංහල, English.

பழைய உலாவி இயந்திரங்கள்

ரீவியை ஒரு வீடு பத்து வருடம் வைத்திருக்கும். அதன் உலாவி இயந்திரம் பெரும்பாலும் வாங்கிய ஆண்டிலேயே நின்றுவிடும். 2017-இன் டைசன் 3.0-இல் குரோமியம் (கூகுள் குரோமின் அடிப்படை இயந்திரம்) 47-ஆம் பதிப்பு, 2018-இன் 4.0-இல் 56. வெப்ஓஎஸ் 3-இல் 38, 4-இல் 53. பக்கத்தைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் குரோமியம் 57-இல்தான் வந்தது, டைசன் 4.0 ஒரே ஒரு பதிப்பால் தவறவிடுகிறது. கிரிட்டில் எழுதிய அழகான பக்கம் அந்த ரீவியில் ஒரே நெடுவரிசையாகச் சரிந்து கிடக்கும். பிளெக்ஸ்பொக்ஸில் எழுதுங்கள், இடைவெளிக்கு மார்ஜினைப் பயன்படுத்துங்கள், நிரலைப் பழைய வடிவத்துக்கு மாற்றியே கொடுங்கள். 1 ஜிபி நினைவகத்தில் இருநூறு சுவரொட்டிப் படங்களை ஒரே நேரம் ஏற்றினால் செயலி விழும். திரையில் தெரியும் வரிசையையும் மேலும் கீழும் ஒவ்வொரு வரிசையையும் மட்டும் வைத்திருங்கள்.

சோதனையைக் கணினியில் முடித்துவிட முடியாது. 32 அங்குலப் பழைய ரீவி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அதில் பல 1366×768 திரைகள், மெல்லிய கோடுகள் அங்கே காணாமல் போகும். கடை ரிமோட்டோடு சோதியுங்கள். படம் ஓடும்போது பிளக்கை இழுங்கள், ரவுட்டரை மட்டும் அணையுங்கள், திகதியை 1970-க்கு மாற்றுங்கள். நாலு போனைச் சேர்த்து, நாலிலும் ஒரே நேரம் அழுத்துங்கள். பிறகு ரிமோட்டை இதுவரை அந்தச் செயலியைக் காணாத வயதானவர் ஒருவரிடம் கொடுத்து, நேற்றுப் பாதியில் விட்ட நாடகத்தைப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாயால் உதவலாம், ரிமோட்டைத் தொடக்கூடாது. அவர்கள் எந்த இடத்தில் “அது இல்ல, அதுக்குப் பக்கத்தில” என்று சொல்லத் தொடங்குகிறார்களோ, அந்தத் திரையைத் திரும்ப வரையுங்கள்.